ஏழு மணி நாற்பது நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

முந்தாநாள் மருத்துவக் குழுவின் முன்னால் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது அப்புறம்.

அப்பா காய்கறிக் கத்தியை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. நான் கேட்டால் எடுத்துத் தருவார். ஒரு நோட்டில் நேரம் எழுதி என் கையெழுத்தை வாங்குவார். வெங்காயம் நறுக்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கையெழுத்து. யார் வீட்டுக்குப் போனாலும் மாடித் தொட்டித் தண்ணீரைக் குடிக்கமாட்டார் என்று சொல்லவில்லை. நான் அச்சகத்திலிருந்து திரும்பியதும் என் பையை முகர்ந்து பார்ப்பதைச் சொல்லவில்லை. "சாப்பிட்டேன்" என்றால், எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் என்று கேட்டுவிட்டு, மறுநாள் அதே கேள்விகளைப் பின்னாலிருந்து முன்னால் கேட்பதையும் சொல்லவில்லை.

டாக்டரம்மா நல்ல மாதிரி. "வீட்டுல எப்படிம்மா இருக்காரு?" என்றார். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காரு டாக்டர். கொஞ்சம் முன்கோபம், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "நல்லாத்தான் சொன்ன. ஆனா அந்த 'அவ்வளவுதான்' வேண்டாம். பொய் சொல்றவங்கதான் அதோட முடிப்பாங்க."

விஷயம் இதுதான். போன மாதம் அப்பா, பை கசிந்தபடி நடந்துபோன ஒருவரை இரண்டு மணி நேரம் பின்தொடர்ந்து போய், நடுத்தெருவில் கழுத்தைப் பிடித்திருக்கிறார். பைக்குள் இருந்தது மீன். போலீஸில் அப்பாவோடு இருந்த நிழல் மாமா ஓடிப்போய்ச் சமாதானம் பேசி, துறையின் மருத்துவக் குழுவுக்கும் எழுதிப் போட்டுவிட்டார். இருபத்தேழு வருடம் கொலை வழக்குகளைப் பார்த்ததால் வந்த நோய் என்று குழு எழுதிக் கொடுத்தால், துறையின் பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அவர் என்னோடுதான். நூலக வேலை எனக்குக் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தேனே, அந்த ஊரில் செப்டம்பர் கடைசிக்குள் நான் சேர வேண்டும். அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. ஆகஸ்டில் இன்னொரு முறை கூப்பிடுவார்கள். அதற்குள், அவர் வேலையில் இருந்த காலத்தில் வீட்டில் கூட இருந்தவர்கள் ஒரு வாக்குமூலம் எழுதித் தரவேண்டுமாம். எனக்கு அப்போது விவரம் போதாது. அம்மா இல்லை. மிச்சம் நீதான்.

வழக்கம்போல அச்சக முகவரிக்கே எழுது. போன் வேண்டாம், பேசி முடித்த என் முகத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார். உன் மணிக்கட்டு வலி குறைந்ததா?

சின்னவள்

மார்ச் 21

அடி சின்னவளே,

மணிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பல் செட் செய்தால் கை என்ன ஆகும்? நேற்று ஒரு கிழவர், முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் செய்யச் சொன்னார். மனைவிக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். உன் கண் எப்படி இருக்கிறது? அச்சுப் பிழை பார்ப்பவள் வெளிச்சத்தில் உட்கார வேண்டும்.

நீ குழுவிடம் பொய் சொன்னதற்கு என் முழு ஆசி உண்டு. இன்ஸ்பெக்டருக்கு நோய் என்று யாரும் சீட்டு எழுதக் கூடாது. எழுதிவிட்டால் என் கதை என்ன ஆவது? பதினேழு வயதில் ஒரு கிருமி என்னை உட்கார வைத்து விசாரித்தது என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டுமா?

உனக்குப் பன்னிரண்டு வயது, மறந்திருப்பாய். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தேன். பேனாக் கடையில் நின்று பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். (பார், நானும் அதோடுதான் முடிக்கிறேன்.) சனிக்கிழமை காலை, கை வைக்க இடமில்லாத நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். அம்மாவைச் சமையலறையை விட்டு வரக்கூடாது என்றார். சாயங்காலத்துக்குள் நான் இல்லாத ஒருத்தனை உண்டாக்கிவிட்டேன். நீலச் சட்டை, இடது கையில் கடிகாரம், ஸ்கூட்டர். அவனோடு போனேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு வருடம் அந்த நீலச் சட்டைக்காரனோடு அந்த வீட்டில் இருந்தேன். பிறகு கிளம்பி வந்தேன்.

நான் எழுதித் தரமாட்டேன். நீ வேலையில் போய்ச் சேர். கத்தியை அவரே கையெழுத்துப் போட்டு அவரிடமே வாங்கிக்கொள்ளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

பெரியவள்

ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

கண் பரவாயில்லை, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். நீ சிரித்தால் கோபித்துக்கொள்வேன். ஆந்தை மாதிரி இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நிழல் மாமா வந்தார். நினைவிருக்கிறதா, அப்பாவுக்குக் கீழே எழுத்தராக இருந்தவர், அப்பா எங்கே போனாலும் இரண்டடி பின்னால் வருவார் என்று அம்மா வைத்த பெயர். இப்போதும் இரண்டடி தள்ளித்தான் உட்காருகிறார்.

அப்பா குளிக்கப் போனதும் என்னிடம் பேச ஆரம்பித்தார். "உங்கப்பாகிட்ட பொய் சொல்லித் தப்பிச்சவன் கிடையாதும்மா."

"நான் தினமும் தப்பிக்கறேன் மாமா."

"நீ அப்படி நினைச்சுக்கற." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தொட்டிக் கேஸ்தாம்மா அவரை முடிச்சுது. மாடித் தொட்டியில ஒரு பொம்பளை. மூணு நாள். அந்தக் கட்டடமே அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கு. முதல் நாள் போனப்ப நாங்களும் வாங்கிக் குடிச்சோம், தெரியாம."

மாமா குளியலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"புருஷன் வியாழக்கிழமை ஒத்துக்கிட்டான். கையெழுத்தும் போட்டுட்டான். எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். திங்கக்கிழமை காலைல உங்கப்பா வந்தாரு, அவனை விடுங்கய்யான்னாரு. ஏன் சார்னா பதில் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு நிஜமான ஆளு மாட்டினான். எப்படி சார் தெரிஞ்சுதுன்னு பதினாலு வருஷமாக் கேக்கறேன். இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை."

அப்பா துண்டோடு வந்து நின்று, "என்ன பேசினீங்க?" என்றார். மாமா, "மழையைப் பத்தி சார்" என்றார். அன்றைக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்பா எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். நானும் மழை என்றேன்.

அக்கா, எழுதித் தா. உன்னைக் கெஞ்சுவது எனக்குப் பிடிக்கவில்லை. நூலகத்தில் செப்டம்பருக்கு மேல் இடத்தை வைத்திருக்கமாட்டார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

சின்னவள்

மே 9

சின்னவளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எழுதிவிட்டேன். பதினொரு பக்கம், இதோடு இருக்கிறது. நான் எழுதாமலிருந்தால் அந்தச் சனிக்கிழமை என் ஒருத்தியிடம்தான் இருக்கும் என்று தோன்றியது. அவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். அவர் கற்றுக்கொடுத்தபடியே எழுதியிருக்கிறேன். 'கோபமா இருந்தார்னு எழுதாதே, என்ன செஞ்சார்னு எழுது' என்று நம் இருவரையும் பழக்கினாரே, அந்த முறை. எத்தனை மணி, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன சொன்னார்கள்; அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

ஒரு நிபந்தனை. குழுவிடம் கொடுப்பதற்கு முன் இதை அவருக்கு நீ உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பகலில், அதே நாற்காலியில் அவரை உட்கார வைத்து. அதை இன்னும் தூக்கிப் போட்டிருக்கமாட்டார், எனக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கையெழுத்து வாங்கு. நான் போட்டது போல. நடுவில் எழுந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து படி.

இதற்குச் சம்மதமில்லை என்றால் பதினொரு பக்கத்தையும் திருப்பி அனுப்பு.

வெயிலில் அலையாதே.

பெரியவள்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நலம். படித்துக் காட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணி. நாற்காலியை நடு அறையில் போட்டேன். "உக்காருங்கப்பா" என்றேன். அவர் அதை ஒரு தரம் பார்த்தார், உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தொடைமேல் வைத்துக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

நடுவில் எழவில்லை. அழவும் இல்லை. பேனா கேட்டார், கொடுத்தேன். நான் படிக்கப் படிக்கத் திருத்தினார், அக்கா. "அது ஒம்பதே கால் இல்ல, ஒம்பது மணி." "அந்தக் கேள்வியை ஆறு தடவை இல்ல, ஒம்பது தடவை கேட்டேன்." தனக்குச் சாதகமாக ஒன்றையும் திருத்தவில்லை.

ஏழாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: '1.20 மணிக்குத் தங்கை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். எனக்கு எட்டாத பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.' இதை வாசித்ததும் நிறுத்திவிட்டேன். பதினான்கு வருடமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பயந்துதான் தள்ளி வைத்தேன் என்று.

"தப்பு" என்றார் அப்பா. "அவ உன் பக்கத்துலதான் வெச்சா. அவ போனதும் நான்தான் நகர்த்தினேன்." என்னிடம் பேசுகிறார் என்பதை மறந்து உன்னிடம் சொன்னார். அதையும் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

உன் நிபந்தனை அன்றோடு முடிந்தது. ஆனால் மறு ஞாயிறும் நாற்காலியைப் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறும். யாரும் கேட்கவில்லை, நானாகப் படித்தேன். மூன்றாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். இப்படி ஒருத்தி எனக்குள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

மார்ச்சில் ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது சொல்கிறேன். அவருக்கு நோய் என்று எழுதிவிட்டால் நான் யார்மேல் கோபப்படுவது? டாக்டரம்மா அன்பாகப் பேசினார். அந்த அன்பு அவருக்குப் போய்ச் சேரக் கூடாது என்றுதான் 'நல்லா இருக்காரு' என்றேன். உன் கிருமி எனக்கும் வேண்டாம். ஆனால் எனக்கு இங்கிருந்து போகவும் வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு முடிவில், "இதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. பெரியவளுக்கே தெரியாது" என்று காகிதம் கேட்டார். எழுதி ஒட்டித் தந்ததை இதற்குள் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை.

மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடு.

சின்னவள்

ஜூன் 2

பெரியவளுக்கு,

நலமாக இருப்பாய் என்று கருதுகிறேன்.

உன் வாக்குமூலத்தைக் கேட்டேன். திருத்தங்களுடன் அது சரியானது. விடுபட்டது கீழ்வருமாறு.

வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் நான் பேனாக் கடைக்குப் போனேன். நீ நாற்பது நிமிடமும் அங்கேதான் நின்றாய், மூன்று பேனா எழுதிப் பார்த்தாய், ஒன்றும் வாங்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். ஆகவே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ எந்தத் தவறும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போது காவலில் ஒருவன் இருந்தான். மனைவியைக் கொன்றதாக என்னிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்தது. தவறு செய்யாத ஒருவர், என் கேள்விகளுக்கு, அடி உதை இல்லாமல், எவ்வளவு நேரத்தில் ஒப்புக்கொள்வார் என்று தெரிய வேண்டியிருந்தது. தவறு செய்யவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான்.

ஏழு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. அவனுக்கு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை அவனை விட்டுவிட்டேன்.

அன்று மாலையே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் என்னால் நம்ப முடியவில்லை. உன் அம்மா தலை வலிக்கிறது என்றாலும் நம்பவில்லை. அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒன்பது நாள் தாமதமானதற்கு அதுவே காரணம். சின்னவள் சாப்பிட்டேன் என்றாலும் நம்புவதில்லை.

உடல்நலத்தைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா

ஜூலை 22

அன்புள்ள அக்கா,

ஏழு வாரமாகிவிட்டது. உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுதினால் போதும்.

அப்பா என்னை எதுவும் கேட்பதில்லை. தபால் வந்ததா என்று மட்டும் கேட்கிறார். கடிதங்கள் அச்சகத்துக்கு வருவது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஞாயிறுகளில் படிப்பதை நிறுத்திவிட்டேன். போன வாரம் அவரே நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே கிளம்பிவிட்டேன். கெஞ்சட்டும் என்று இருந்தது.

குழு ஆகஸ்ட் 26 அன்று கூடுகிறது. அவர் உனக்கு என்ன எழுதினார்?

சின்னவள்

ஆகஸ்ட் 6

சின்னவளே,

காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. அவர் கடிதத்தை இதோடு அனுப்புகிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு வா.

படித்தாயா? அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் அவர் புத்தி கலங்கிப்போய்ச் செய்தார் என்று உள்ளுக்குள் எங்கேயோ நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இல்லாவிட்டால் அம்மா போனபோது நான் வந்திருக்கமாட்டேன். அந்தக் கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்டார். நான் அழுததை அவர் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் பிழைத்தானாம். நல்லது. அவன் வீட்டுக்கு வழி தெரிந்தால் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், உன் உயிரின் விலை நான்தான் என்று.

பதினொரு பக்கத்தை மட்டும் கொடுக்காதே. அவர் கடிதத்தையும் சேர்த்துக் கொடு. தெரிந்தே செய்தவர் என்று குழு படிக்கட்டும். நோய் என்று எழுத அவர்களுக்குக் கை வராது. உன் நூலக வேலை போய்விடும், தெரியும். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் ஓடி வந்தவள். ஆனாலும் சொல்கிறேன்.

பெரியவள்

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது.

குழு கூடுவதற்கு முன் நான் பேனாக் கடைக்குப் போனேன். அதே ஆள்தான், தலை நரைத்துவிட்டது. "போலீஸ்காரர்தானே? வந்தாரே. பொண்ணு மூணு பேனா எழுதிப் பாத்துட்டு வாங்காமப் போயிட்டான்னு சொன்னேன்" என்றார். ஆக, அப்பா எழுதியது ஒவ்வொரு வரியும் நிஜம்.

இரண்டையும் கொடுத்தேன். டாக்டரம்மா பதினொரு பக்கத்தை முதலில் படித்தார். பிறகு அப்பாவின் கடிதம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த மற்றொரு டாக்டரிடம் அதைத் தள்ளி, "பாவம்" என்றார். உன்னைச் சொல்லவில்லை, அக்கா. அவரைச் சொன்னார்.

அப்பா எழுந்து நின்றார். "டாக்டர், இது நோய் இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"உக்காருங்க சார்."

"என் பொண்ணு தப்பு பண்ணலைன்னு வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். கடைக்காரரைக் கேட்டுட்டேன்."

"சரி சார். இப்படி எப்பலேர்ந்து தோணுது உங்களுக்கு?"

"தோணலைம்மா. நடந்துச்சு."

டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டார். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அப்பா அதைத் தலைகீழாகவே படித்திருக்க வேண்டும். "நான் ஒத்துக்கறேங்க. குற்றத்தை ஒத்துக்கறேன், எழுதிக்குங்க" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இந்த வேலையில இருந்தவங்க நிறைய பேர் இப்படித்தாம்மா. நடந்ததுக்கு எல்லாம் பின்னாடி ஒரு காரணம் ஜோடிச்சு, பழியைத் தன் தலையிலேயே தூக்கி வெச்சுக்குவாங்க. இவர் சொல்றது மாதிரி ஏதாவது நடந்ததா?"

நிழல் மாமா வெளியே பெஞ்சில் இருந்தார். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அவர் சொல்லியிருப்பார். பேனாக் கடைக்காரரைக் கூப்பிட்டால் ஆட்டோ பிடித்து வந்திருப்பார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதுவரை அவரிடம் பார்த்திராத பார்வை. கையை நீட்டித் தண்ணீர் கேட்பவர் மாதிரி.

"எனக்குத் தெரியாது டாக்டர். நான் அப்ப சின்னப் பொண்ணு" என்றேன்.

பணியால் வந்த நோய் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "ஏன்?"

"ஏழு மணி நாப்பது நிமிஷம் கேளுங்கப்பா. சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். உனக்காகச் செய்தேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். எனக்காகச் செய்தேன்.

சின்னவள்

செப்டம்பர் 17

சின்னவளே,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சிரிக்கத்தான் நினைத்தேன்.

வேலையில் போய்ச் சேர்ந்துகொள். புது ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

பெரியவள்

நவம்பர் 12

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். வேலை பிடித்திருக்கிறது. பழைய புத்தகங்களுக்குப் பட்டியல் போடுகிறேன், யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. இந்த ஊரில் குளிர் ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி? உன் கை குளிரில் விறைக்குமே, உறை மாட்டிக்கொள்கிறாயா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

அப்பாவை இல்லத்திலிருந்து வண்டி வந்து அழைத்துக்கொண்டு போனது செப்டம்பர் 20. நிழல் மாமா வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறார். நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களாம். தான் நோயாளி இல்லை, சுயநினைவோடு ஒரு குற்றம் செய்தவர், தன்னை விசாரிக்க வேண்டும் என்று அப்பா இதுவரை மூன்று மனு கொடுத்திருக்கிறார். மூன்றையும் அவருடைய மருத்துவக் கோப்பில் சேர்த்து, மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

சின்னவள்